எல்லாம் சரி என்று எழுதியவள்

ஆல்டர் ஹார்பர், விஸ்கான்சின்
அக்டோபர் 3, 2011

அன்புள்ள டெல்ஃபின்,

உறைமேல் என் பெயரைப் பார்த்த பிறகும் இதை அடுப்பில் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பெரிய விஷயம். முகவரியை உன் சித்தி மகள் ரோசலியிடம் வாங்கினேன். அவளைத் திட்டாதே. மூன்று ஞாயிறு சர்ச் வாசலில் நின்று நான்தான் அவளைத் துளைத்தெடுத்தேன்.

இருபத்திரண்டு வருஷம் எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். சுற்றி வளைக்காமல் சொல்லத்தான் ஆசை, ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரியும். போன வருஷம் ஜூலையில், கப்பல் வந்தால் நடுவில் பிளந்து தூக்கும் நம் பாலத்து வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். பாலம் மாதிரியே ஒரு கேக் செய்து வைத்திருந்தார்கள். நான் கத்தியை எடுப்பதற்குள் அது தானாகவே நடுவில் பிளந்துகொண்டது. கப்பல் வருகிறது போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். மறு வாரமே நாவல் எழுத உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதவில்லை.

யோசனை வராமல் இல்லை. வருவதுதான் தொல்லை. சமையல் குறிப்பு எழுதுவோமே, கோடு போட்ட சின்ன அட்டை, அதில் அட்டைக்கு ஒரு யோசனையாக எழுதிப் போட்டேன். இன்றைக்கு அறுநூற்று நாற்பது அட்டை இருக்கிறது. கால்வாய் வெட்ட வந்த பெல்ஜியக் குடும்பங்கள், பனியில் சிக்கி மூன்று வாரம் நின்ற கப்பல், இரட்டைச் சகோதரிகள் இரண்டு ஜோடி. ஒரு ஜோடியை எதற்குச் சேர்த்தேன் என்று மறந்துவிட்டது. சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைதான். நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். ஒன்றை எடுத்தால் மற்ற அறுநூற்று முப்பத்தொன்பதும் என்னைப் பார்க்கின்றன.

நூலகத்தில் வருஷா வருஷம் நவம்பர் முழுக்க ஒரு கூட்டம் உட்கார்ந்து முப்பது நாளில் ஆளுக்கொரு நாவல் எழுதுகிறது. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். நடத்துகிற பெண், "மோசமா எழுதுங்க வெர்னா, பரவாயில்ல, சும்மா ஆரம்பிங்க" என்கிறாள். மோசமாக எழுத எனக்குப் பயமில்லை. எந்த இடத்தில் பேனாவை வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பாலத்தை இயக்கும் கூண்டில் வேலைக்கு நடுவே நான் கிறுக்கியதையெல்லாம் முதலில் படித்துச் சிரித்தவள் நீதான். என்னிடம் பதினேழு ஆரம்பங்கள் இருக்கின்றன. பட்டியல் அனுப்பட்டுமா? எது சரி என்று நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

போன் செய்யலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

வெர்னா


ஹாவர், மொன்டானா
அக்டோபர் 11

வெர்னா,

பிரித்தேன். தபால் பெட்டியிலிருந்து என் வீட்டுக்காரன் லெஸ்டர்தான் எடுத்து வந்தான். "யாரு இது, அந்த வெர்னாவா?" என்றான். அந்த வெர்னாதான் என்றேன். "அடுப்பப் பத்த வைக்கவா?" என்றான். இரு, என்னதான் சொல்கிறாள் பார்ப்போம் என்றேன்.

நீ என்ன சொல்கிறாய்? நாவல் ஆரம்பிக்க முடியவில்லையாம். என் ஷிப்டில் ஓர்வில் செத்தான், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விசாரணையில் நீ அந்தப் பக்கம் உட்கார்ந்தாய், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன், அதைப் பற்றியும் இல்லை. பழி என்மேல் விழுந்து, வேலை போய், ஊரை விட்டு வந்தேன், அதுவும் இல்லை. கேக் பிளந்ததற்கு மட்டும் நாலு வரி. உன் நெஞ்சழுத்தம் இன்னும் குறையவில்லை.

கேக்கைப் படித்து நான் சிரித்துவிட்டேன். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது வீட்டில் லெஸ்டருக்கு மட்டும் சமைக்கிறேன், அதற்கே குறை சொல்கிறான். காப்பிக்குத் தண்ணீரைச் சின்னச் சட்டியில்தான் கொதிக்க வைப்பேன். வீட்டில் கெட்டில் கிடையாது. ஊரில் இல்லாத கஞ்சம் என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். காரணம் அவனுக்குத் தெரியும்.

பட்டியலை அனுப்பு. படித்தால் குறைந்தா போய்விடுவேன்?

டெல்ஃபின்


ஆல்டர் ஹார்பர்
அக்டோபர் 19

அன்புள்ள டெல்ஃபின்,

நீ திட்டியது நியாயம். இன்னும் திட்டியிருக்கலாம்.

அதைப் பற்றி எழுதத்தான் நினைத்தேன். முதல் கடிதத்தை ஐந்து தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது கேக் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மறு வருஷம் செப்டம்பர், அறுவடைத் திருவிழாவில் விற்க நீ எப்போதும்போல் பிளம் பழம் வைத்துச் சுட்ட டார்ட் இருபத்து நாலு செய்துகொண்டு வந்தாய். எல்லோருடைய மேசையும் பதினொரு மணிக்குள் காலியாகிவிட்டது. உன் மேசையில் இருபத்து நாலும் அப்படியே இருந்தன. ஈ ஓட்டுவதற்கு நீ ஒரு துணியை வைத்துக்கொண்டு நின்றாய். நான் தட்டோடு உன் மேசை வரைக்கும் வந்தேன். பின்னால் எல்லோரும் பார்ப்பது தெரிந்தது. திரும்பிப் போய்ப் பக்கத்து மேசை மார்செலாவிடம் ஆப்பிள் டார்ட் வாங்கிக்கொண்டேன். வாயில் வைத்தால் மண் மாதிரி இருந்தது. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டேன், ஏனென்றால் மார்செலா பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் நீங்கள் லாரியில் சாமான் ஏற்றியபோது நான் பாலக் கூண்டில் இருந்தேன். உங்கள் வண்டி போக நான்தான் கேட்டைத் தூக்கினேன். கையசைக்கவில்லை. உன் மதிய ஷிப்டும் அதற்குள் எனக்கு வந்துவிட்டது.

இதை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரிந்துகொள் என்று மட்டும் சொல்கிறேன்.

பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது நான்காவது: கால்வாய்க்கு முதல் மண்வெட்டி போடுகிற நாள். ஒன்பதாவதும் பரவாயில்லை, பாலம் கட்டி முடித்த அன்று பாதிரியார் அதன்மேல் நடக்க மறுக்கிறார். பதினான்காவது நான் ஓய்வு பெறுகிற நாள். பதினேழாவது ஒரு கிழவி மேசையில் அட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறாள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒன்றை விட்டால் எல்லாமே பொய்யாகிவிடும் என்றும் தோன்றுகிறது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறேன். இந்த வீட்டில் பாத்திரங்கள் இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

வெர்னா


ஹாவர்
அக்டோபர் 27

வெர்னா,

டார்ட் இருபத்து நாலு இல்லை, முப்பது. ஆறு மட்டும் போயிற்று. வெளியூரிலிருந்து வந்த ஒருத்தர் வாங்கினார், என்னைத் தெரியாது அவருக்கு. மிச்சத்தை லெஸ்டர் பன்றிக்குப் போட்டான்.

பட்டியலை இரண்டு தடவை படித்தேன். நன்றாக எழுதுகிறாய், அது உனக்கே தெரியும். பாதிரியாரைப் படித்து லெஸ்டர்கூடச் சிரித்தான். ஆனால் நீ பாலத்தில் எத்தனை வருஷம் வேலை பார்த்தாய்? ஷிப்ட் மாறும்போது என்ன செய்வோம்? போகிறவள் பணிப் புத்தகத்தில் எழுத வேண்டும், வருகிறவள் அதை வாய்விட்டுப் படித்துக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை நாற்காலியில் உட்காரக் கூடாது. எதை எழுதுவோம்? கால்வாய் வெட்டிய கதையையா? எது வந்துகொண்டிருக்கிறது, எது பழுது, எதைக் கவனிக்காவிட்டால் ஆள் சாவான், இவ்வளவுதான். ஒன்றும் இல்லையென்றால் "எல்லாம் சரி". அரைப் பக்கத்துக்கு மேல் எழுதினால் "என்ன, பைபிளா எழுதுற?" என்று நான் கேட்பேன் இல்லையா? உன் நாவலையும் அப்படி ஆரம்பி. படிக்கப்போகிறவள் உன் நாற்காலியில் வந்து உட்காரப்போகிறாள். அவள் உடனே தெரிந்துகொள்ள வேண்டியது எது, அதை எழுது. அறுநூற்று நாற்பது அட்டையும் அதற்குப் பிறகு வரட்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். உன் பதினேழு ஆரம்பத்தில் பதின்மூன்று, 1988 நவம்பர் ஒன்பதாம் தேதி புதன்கிழமைக்கு முன்னால் இருக்கிறது. நாலு அதற்குப் பின்னால். அந்தப் புதன்கிழமையைக் காணோம். நீ அதைச் சுற்றிச் சுற்றி வேலி கட்டிக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் உனக்கு இவ்வளவு கட்டை வேண்டியிருக்கிறது.

அந்த நாளை நான் எழுதுகிறேன், பார். மதியம் இரண்டு மணி. மூடுபனி. பாலம் தூக்கும்போது வண்டிகளை நிறுத்துகிற தெற்குக் கேட் காலையிலிருந்து இறங்கவில்லை. மோட்டார் செத்துவிட்டது, ஆனால் கூண்டுக்குள் இருக்கும் விசைப் பலகையில் மட்டும் கேட் இறங்கியதாகப் பச்சை விளக்கு எரிந்தது. காலையில் நீ இரண்டு தடவை இறங்கிப் போய்க் கையால் இழுத்திருக்கிறாய். இதெல்லாம் பிறகு விசாரணையில்தான் எனக்குத் தெரிந்தது. நான் உள்ளே வந்தேன், குளிர், முதலில் கெட்டிலை வைத்தேன். புத்தகத்தில் நீ "எல்லாம் சரி" என்று எழுதியிருந்தாய். கையெழுத்துப் போட்டேன். இரண்டரைக்குக் கல் ஏற்றிய கப்பல் ஊதியது. பச்சை விளக்கு. தெற்கே பனியில் ஒன்றும் தெரியவில்லை. பாலத்தைத் தூக்கினேன். பாலாடைக்கட்டி லாரியோடு ஓர்வில் கால்வாயில் விழுந்தான்.

விசாரணையில் நீ, "புத்தகத்துல எழுத மறந்துட்டேன், ஆனா போகும்போது வாயால சொன்னேன்" என்றாய். அவர்கள் என்னைக் கேட்டார்கள். சொல்லவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நீ கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றாய், உன் வாய் அசைந்தது, அதே நேரம் கெட்டில் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதனால் "ஞாபகம் இல்லை" என்றேன். அதோடு முடிந்தது.

இருபத்து மூன்று வருஷமாக அந்த வாய் அசைவதைப் பார்க்கிறேன் வெர்னா. ஒருநாள் நீ பொய் சொன்னாய் என்று இருக்கும், மறுநாள் நான்தான் கெட்டிலை இறக்காமல் ஒரு மனிதனைக் கொன்றேன் என்று இருக்கும். கதவருகே நின்று என்ன சொன்னாய்? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

டெல்ஃபின்


ஆல்டர் ஹார்பர்
நவம்பர் 1

அன்புள்ள டெல்ஃபின்,

இங்கே இன்று இந்த வருஷத்து முதல் பனி விழுந்தது, தரையில் நிற்கவில்லை, உடனே கரைந்துவிட்டது. நூலகத்தில் நாவல் கூட்டம் ஆரம்பமாகிவிட்டது. ஒரு பல் வைத்தியர் முதல் நாளே பன்னிரண்டு பக்கம் எழுதினார். எல்லாம் நாய் பேசுகிற கதை. ஷிப்ட் மாறும்போது எழுதுவது போல் ஆரம்பி என்றாயே, அருமையான யோசனை, மிகவும் நன்றி.

நீ கேட்டது எவ்வளவோ நாளைக்கு முன் நடந்தது. நமக்கும் வயதாகிவிட்டது. எனக்கு அவசரம் வேறு. சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எது எப்படியானாலும் நீ உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே.

வெர்னா


ஹாவர்
நவம்பர் 5

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். "கேட் இறங்கியது என்றுதான் நினைக்கிறேன்" என்று பணிப் புத்தகத்தில் எழுதியிருந்தால் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேனா? இனி நாய்க் கதை, பனிக் கதை எதுவும் வேண்டாம்.

டெ.


ஆல்டர் ஹார்பர்
நவம்பர் 9, 2011

டெல்ஃபின்,

கடிதம் திரும்பி வந்தது. என் கையெழுத்தை நானே உறையிலிருந்து எடுத்துப் படித்தேன். அசிங்கமாக இருந்தது. உனக்கு இரண்டாம் தடவையும் அதையே செய்திருக்கிறேன், இந்தத் தடவை யாரும் விசாரிக்கக்கூட இல்லை.

அட்டைகளையெல்லாம் வாரி டப்பாக்களில் போட்டு மூடினேன். மேசை காலி. உட்கார்ந்தேன். இதுதான் நாவலின் முதல் பக்கம்:

"நவம்பர் 9, 1988, புதன். மதியம் 1.50. மூடுபனி, தெற்கே நூறு அடிக்கு மேல் தெரியவில்லை. கல் ஏற்றிய கப்பல் ஒன்று வந்துகொண்டிருக்கிறது, இரண்டரைக்குப் பாலத்தைத் தூக்க வேண்டும். தெற்குக் கேட் பழுது. பலகையில் பச்சை விளக்கு எரிந்தாலும் நம்பாதே, கேட் மேலேதான் நிற்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்க் கையால் இழு. இல்லாவிட்டால் ஆள் சாவான்.

இதில் ஒன்றையும் நான் எழுதவில்லை. எழுதினால் பழுது பார்க்க ஆள் வரும்வரை நான் கூடவே இருக்க வேண்டும், அது விதி. எனக்கு நேரமில்லை. இரண்டரை மணிக்கு நூலகத்தில் நாவல் எழுதும் வகுப்பு, முதல் நாள். 'எல்லாம் சரி' என்று எழுதினேன். கோட்டைப் போட்டேன். கெட்டில் கத்தியது. கதவருகே நின்று அவளிடம் ஒன்று சொன்னேன். 'ரெண்டரைக்கு கிளாஸ்டி. லேட்டாப் போனா கடைசி வரிசைதான் கெடைக்கும்.' அவ்வளவுதான் சொன்னேன். கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை."

இவ்வளவுதான் டெல்ஃபின். மறக்கவில்லை. எழுதாமல் விட்டேன், பிறகு பொய் சொன்னேன். கப்பல் ஊதிய சத்தம் வகுப்பில் எனக்குக் கேட்டது. முன்வரிசையில் இடம் கிடைத்திருந்தது. பாத்திரங்களை எப்படி அறிமுகப்படுத்துவது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எந்த வெள்ளைத் தாளை எடுத்தாலும் முதல் வரி வராது. யோசனைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

இந்தப் பக்கத்தை மூன்று பிரதி எடுத்தேன். ஒன்றை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் அப்போது பிறந்திருக்கவே மாட்டாள். "இது எந்த ஃபைல்ல போகும்னு தெரியலையே" என்றாள். எதில் போட்டாலும் முத்திரை போட்டுக் கொடு என்றேன், கொடுத்தாள். இரண்டாவதை ஓர்வில் மனைவி செலியாவிடம் கொண்டுபோனேன். வாசலிலேயே நின்று படித்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "டெல்ஃபினுக்கு முதல்ல அனுப்பு" என்றாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் உள்ளே கூப்பிடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் படியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாவது இது. கீழே கையெழுத்துப் போடும் கோடு விட்டிருக்கிறேன், பழக்கதோஷம். நீ போட வேண்டாம்.

வெர்னா


ஹாவர்
நவம்பர் 18

வெர்னா,

தபால் பெட்டியருகே நின்றே படித்தேன். உள்ளே வந்து லெஸ்டரிடம் கொடுத்தேன், சத்தமாகப் படி என்றேன். கதவருகே நின்று நீ சொன்னது வரும்போது அவன் நிறுத்திவிட்டான். இன்னொரு தடவை படி என்றேன். மொத்தம் நாலு தடவை படித்தான்.

உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் எப்போதும் வந்ததில்லை. முன்பு பாதிக் கோபம்தான் வரும், மீதி என்மேல் போகும். இப்போது முழுவதும் உனக்குத்தான். முன்வரிசையாம். குறிப்பெடுத்தாளாம். நீ இங்கே இருந்திருந்தால் சட்டியாலேயே அடித்திருப்பேன்.

கோட்டில் கையெழுத்துப் போடவில்லை. உன் எழுத்துக்குக் கீழே ஒரு தடவை போட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும். பக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது பக்கத்தை எழுது. அனுப்பு என்று சொல்லவில்லை, எழுது என்கிறேன். அந்த வகுப்பிலிருந்து ஆரம்பி, கப்பல் ஊதுவது உனக்குக் கேட்ட இடத்திலிருந்து. ஒரு வரியும் மழுப்பாதே. பாதிரியாரை எங்கேயாவது சேர்த்துக்கொள், லெஸ்டர் கேட்டான்.

நேற்றுக் கடைக்குப் போனோம். ஒரு கெட்டில் வாங்கினேன், விசில் அடிக்கிற வகை. இன்று காலையில் தண்ணீர் வைத்தேன். கத்தியது. நான் எழுந்து போகவில்லை. லெஸ்டர் காதைப் பொத்திக்கொண்டு, "அதை இறக்கேன்" என்றான். கொஞ்சம் கத்தட்டும் விடு என்றேன்.

டெல்ஃபின்